சண்டை விமான சிமுலேட்டருக்கு ஸ்டிக், த்ராட்டில் தேர்வு: எதை முதலில், எதைக் கடைசியில்

"அண்ணா, எந்த ஹோட்டாஸ் வாங்கலாம்?" என்றுதான் புதிதாக வருகிற எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். ஹோட்டாஸ் என்றால் விமானத்தைச் சாய்க்கும் ஸ்டிக்கும், என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் சேர்ந்த ஜோடி. "எந்த விமானம் ஓட்டப்போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அதற்கு விடை தெரியாமல் வாங்கிய பெட்டிதான் ஆறு மாதம் கழித்து, "அதிகம் பயன்படுத்தாதது, புதுசு மாதிரி" என்று விற்பனைக்கு வருகிறது.

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். முப்பது ஸ்விட்ச் வைத்த பெரிய த்ராட்டிலை முதலில் வாங்கிவிட்டு, பிஎஃப் 109 என்ற இரண்டாம் உலகப்போர் விமானத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த விமானத்துக்கு வேண்டியிருந்தது என் கால்கள். ஸ்விட்சுகளில் ஐந்தைக்கூட நான் தொடவில்லை. கீழே இருக்கும் வரிசை அந்தச் செலவில் கற்றது.

1. காசை எடுக்கும் முன் விமானத்தை முடிவு செய்யுங்கள்

முதலில் ஒரு விதிவிலக்கு. வார் தண்டரில் ஆர்கேட், ரியலிஸ்டிக் முறைகளில் மட்டும் ஆடுகிறீர்களா? ஸ்டிக் வாங்காதீர்கள். அங்கே மவுஸ் காட்டும் இடத்துக்கு விமானத்தைக் கொண்டுபோகிற வேலையைக் கணினியே செய்கிறது. ஸ்டிக்கோடு போனால் மவுஸ்காரரிடம் அடிதான் வாங்குவீர்கள். அதன் சிமுலேட்டர் முறைக்கும், டிசிஎஸ் வேர்ல்ட், ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், ஃபால்கன் பிஎம்எஸ் போன்றவற்றுக்கும்தான் இந்தக் கட்டுரை.

எந்த விமானம் என்று தெரியாவிட்டால், டிசிஎஸ் வேர்ல்டை இறக்குங்கள். அதோடு சு-25டி தாக்குதல் விமானமும், ஆயுதமில்லாத டிஎஃப்-51டி மஸ்டாங்கும் இலவசமாகவே வருகின்றன. ஒன்று ஜெட், ஒன்று புரொப்பெல்லர். யாரிடமாவது பழைய ஸ்டிக்கை ஒரு வாரம் இரவல் வாங்கி இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எது மனதில் ஒட்டுகிறது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

இதை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், காசு போகும் வரிசையே விமானத்தைப் பொறுத்து மாறுவதுதான்.

நவீன ஜெட் என்றால்: ஸ்டிக், த்ராட்டில், கடைசியாகப் பெடல். எஃப்-16, எஃப்/ஏ-18 போன்றவற்றில் திருப்பத்தைச் சமன்படுத்தும் வேலையைப் பறப்புக் கணினி பார்த்துக்கொள்கிறது. காலுக்கு வேலை குறைவு, விரல்களுக்கு அதிகம்.

இரண்டாம் உலகப்போர் விமானம் என்றால்: ஸ்டிக், பெடல், கடைசியாகத் த்ராட்டில். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில்.

ஹெலிகாப்டர் தனி உலகம். பெடல் கட்டாயம். நடுவுக்கு வேகமாக இழுக்கும் ஸ்பிரிங் அங்கே எதிரி. முதல் வண்டியாக ஹெலிகாப்டரை எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

2. ஒரு தாளில் பட்டன்களை எண்ணுங்கள்

தேர்ந்தெடுத்த விமானத்தில் இரண்டு கைகளையும் எடுக்காமல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். நிஜ விமானத்தில் ஸ்டிக்கிலும் த்ராட்டிலிலும் என்ன இருக்கிறதோ அதுவே பட்டியல்.

எஃப்/ஏ-18சி-யை எடுத்துக்கொள்வோம். ஸ்டிக்கில் மட்டும் இரண்டு நிலை ட்ரிக்கர், ஆயுதம் விடும் பட்டன், நாலு திசை ட்ரிம் (கையை எடுத்தாலும் விமானம் நேராகப் பறக்கச் சரிசெய்வது), நாலு திசை சென்சார் ஸ்விட்ச், ஆயுதத் தேர்வு ஸ்விட்ச், இலக்கை விடுவிக்கும் பட்டன், சுண்டுவிரலுக்கு ஒரு பேடில். கூட்டினால் 15-ஐத் தாண்டிவிடும். த்ராட்டிலில் ரேடார் கர்சர், ஆன்டெனாவை ஏற்றி இறக்குவது, ஸ்பீட் பிரேக், ஏவுகணையை ஏமாற்றும் சாஃப்-ஃப்ளேர் விடுவது, ரேடியோ என்று இன்னொரு வரிசை.

ஸ்பிட்ஃபயர் பட்டியலைப் பாருங்கள்: சுடுவதற்கு ஒன்றோ இரண்டோ, பிரேக், ரேடியோ. பட்டன் அவ்வளவுதான். ஆனால் த்ராட்டில், புரொப்பெல்லர் சுழற்சி என்று தனித்தனி ஆக்சிஸ் (பட்டன் போலன்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் அசைவு) வேண்டும்.

பார்வையைத் திருப்ப ஒரு ஹேட் ஸ்விட்ச் (கட்டைவிரலால் நாலு திசையிலும் தள்ளும் சிறு குமிழ்) போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தலை அசைவைப் படிக்கும் ட்ராக்-ஐஆர் கருவி வைத்திருப்பவருக்கு அந்த ஹேட் மிச்சம். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமை வைத்தே தலை அசைவைப் படிக்கும். புதிய ஸ்டிக் வாங்கும் முன் அதைச் செய்து பாருங்கள். சண்டையில் எதிரியைக் கண்ணிலிருந்து தவறவிடாமல் இருப்பது பத்துப் பட்டன்களை விடப் பெரிய லாபம்.

3. எங்கே உட்காரப் போகிறீர்கள்?

இதை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்று, ஸ்டிக்கைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, தோளைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவார்கள். அரை மணியில் தோள்பட்டை வலிக்கும். பழி ஸ்டிக் மேல் விழும்.

எஃப்-16-இன் ஸ்டிக் வலது பக்கம், கை தாங்கியோடு இருக்கிறது. நிஜத்தில் அது கொஞ்சம்தான் அசையும், அழுத்தத்தைத்தான் உணர்கிறது. எஃப்/ஏ-18, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் ஸ்டிக் கால்களுக்கு நடுவே. உங்கள் விமானத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே வைப்பதுதான் கைக்கு நல்லது.

மேசை விளிம்பில் பிடிக்கும் இரும்புத் தாங்கிகள் கிடைக்கின்றன, விலை கையைக் கடிக்கும். ஆசாரியிடம் சொல்லி முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை ஒன்று வெட்டி வாங்கி, அதில் ஸ்டிக்கின் அடிப்பாகத்தைத் திருகிவிட்டு, பலகையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்காருங்கள். உங்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். நான் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

அடிப்பாகம் நகரக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டிக்கோடு சேர்ந்து அடியும் அரை செ.மீ. நகர்ந்தால், அந்த அரை செ.மீ. குறி பார்ப்பதிலிருந்து கழிகிறது. கை தன் பழக்கத்தைச் சேர்த்துவைக்கவே முடியாது.

4. ஸ்டிக்: பணத்தில் பெரிய பங்கு இங்கே

என் கணக்கில் பாதிக்குக் குறையாமல் ஸ்டிக்குக்குப் போக வேண்டும். குறி, திருப்பம், தரையிறக்கம் எல்லாம் அதன் வழியாகத்தான். பார்க்க வேண்டியவை இவை.

சென்சார். ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று அளப்பது இது. பழைய வகையான பொட்டென்ஷியோமீட்டரில் ஒன்றோடொன்று உரசும் பாகம் உண்டு. உரசினால் தேயும், தூசி சேரும், பிறகு கை அசையாதபோதும் சிமுலேட்டரில் விமானம் துள்ளும். ஹால் சென்சாரில் காந்தம்தான். தொடுகை இல்லை, தேய்மானமும் இல்லை. பெட்டியில் ஹால் என்று போட்டிருந்தாலும் எல்லா ஆக்சிஸுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்-இல் முன்பின், பக்கவாட்டு அசைவுகளுக்குத்தான் ஹால் சென்சார். பெடலுக்குப் பதிலாக ஸ்டிக்கையே முறுக்கும் ஆக்சிஸ் பொட்டென்ஷியோமீட்டர்தான்.

கிம்பல். ஸ்டிக்கைத் தாங்கும் மூட்டு இது. மேலே சொன்ன சென்சாரை விட இதுதான் முக்கியம் என்பேன். 16,000 படிகளாக அளக்கும் சென்சார் இருந்து, மூட்டில் ஆட்டம் இருந்தால் பயனில்லை. ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்து, நடுவிலிருந்து ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள். முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு திடுக்கென்று நகர்கிறதா? குறி பார்க்கும்போது தொல்லை தரப்போவது அந்த ஒட்டல்தான்.

ஸ்பிரிங். மாற்ற முடிகிற ஸ்பிரிங் உள்ள மாடல் இரண்டு வருஷம் கூடுதலாக உங்களோடு இருக்கும். நடுத்தர விலையில் விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோவை நான் பலருக்குச் சொல்வது இதனால்தான். தொடுகையில்லா சென்சார், மாற்றக்கூடிய ஸ்பிரிங், வேண்டாதபோது பூட்டிவிடக்கூடிய முறுக்கு ஆக்சிஸ், மேலே போதுமான ஹேட்கள். இடக்கைக்காரருக்குத் தனி வார்ப்பும் உண்டு. காசு குறைவென்றால் டி.16000எம். அதன் பிடியை இரு கைக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஹேட் ஒன்றே ஒன்று. எஃப்/ஏ-18 பட்டியலோடு அதை ஒப்பிட்டால் எங்கே இடிக்கும் என்று புரியும்.

இனி இரண்டு பொறிகள்.

விர்பில், விகேபி, வின்விங் போன்றவர்களின் மேல்மட்ட சாமான்களில் அடிப்பாகமும் பிடியும் தனித்தனியாக விற்பனைக்கு உண்டு. படத்தில் முழு ஸ்டிக் தெரியும், விலை குறைவாகத் தெரியும். வந்து சேர்வது பிடி மட்டும். எழுதியிருப்பதைக் கடைசி வரி வரை படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிய பிறகுதான் அது நடுத்தர விலையா என்பது தெரியும்.

த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக் ஸ்டிக்கில் முறுக்கு ஆக்சிஸ் கிடையாது. ஏ-10சி-யின் பிடியை அப்படியே எடுத்துச் செய்தது, நிஜத்திலும் கிடையாது. அதை வாங்குகிறவர் பெடலுக்கும் சேர்த்துப் பணம் வைக்க வேண்டும். அன்றைக்கே ஓடுபாதையில் போய் நின்று "விமானம் திரும்பவே மாட்டேங்குது" என்பவர்கள் அனேகம்.

நீட்டிப்புக் குழாய் பற்றியும் கேட்பார்கள். மூட்டிலிருந்து உள்ளங்கை வரை 15 செ.மீ., ஸ்டிக் 20 டிகிரி சாய்கிறது என்றால், கை நகரும் தூரம் சுமார் 5 செ.மீ. நடுவில் 10 செ.மீ. குழாயைச் செருகினால் அதே 20 டிகிரிக்குக் கை சுமார் 8.5 செ.மீ. நகர்கிறது. அதே அசைவு பெரிய இடத்தில் பரவுவதால் நுணுக்கம் கூடும். ஆனால் நெம்புகோல் நீண்டுவிட்டதால் கைக்குத் தெரியும் எதிர்ப்பு ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். பலமான ஸ்பிரிங் மாட்ட வழியில்லாத அடிப்பாகத்தில் குழாய் போடாதீர்கள். பிளாஸ்டிக் மூட்டில் போட்டால் மூட்டே போய்விடும்.

5. ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை): முறுக்கா, பெடலா?

மெர்லின் என்ஜின் பொருத்திய ஸ்பிட்ஃபயரை முழு விசையோடு ஓடவிட்டுப் பாருங்கள். மூக்கு இடது பக்கம் ஓடும். வலது காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். வேகம் ஏற ஏறக் காலைத் தளர்த்த வேண்டும். வால் தூக்கும் நொடியில் மீண்டும் ஒரு மிதி. இதையே மணிக்கட்டை முறுக்கிச் செய்தால், முறுக்கும்போது ஸ்டிக்கும் கொஞ்சம் சாயும், இறக்கை தரையைத் தொடும். புரொப்பெல்லர் விமானக்காரருக்குப் பெடல் முதலில் என்று சொன்னது இதற்குத்தான்.

ஜெட்டில் முறுக்கே போதும். ஆனால் முறுக்கு ஆக்சிஸுக்கு 5 சதவிகிதம் செத்த பகுதி (நடுவில் அசைத்தாலும் சிமுலேட்டர் கண்டுகொள்ளாத இடம்) கொடுங்கள். திருப்பத்தில் ஸ்டிக்கை வலுவாக இழுக்கும்போது மணிக்கட்டு தானாகவே சற்று முறுகும், குறி பக்கவாட்டில் விலகும்.

பெடல் வாங்குகிறவர் விமானத்தின் பிரேக்கைப் பாருங்கள். மஸ்டாங், எஃப்/ஏ-18 இவற்றில் கால்விரலால் மிதிக்கும் பிரேக். ஸ்பிட்ஃபயரில் பிரேக் ஸ்டிக்கின் பிடியில் உள்ள கைப்பிடி. எந்தச் சக்கரம் நிற்பது என்பதை ரட்டர் தீர்மானிக்கும். விகேபி டி-ரட்டர் போன்ற விரல்பிரேக் இல்லாத பெடல் ஸ்பிட்ஃபயருக்குக் குறையே இல்லை.

இன்னொன்று: உங்கள் நாற்காலியில் சக்கரம் இருக்கிறதா? மிதித்த உடன் நாற்காலி பின்னால் ஓடும். பெடலிலிருந்து நாற்காலிக் காலுக்கு ஒரு நைலான் கயிறு கட்டினால் தீர்ந்தது.

6. த்ராட்டில்: ஸ்விட்சை எண்ணாதீர்கள், வழுக்கலைப் பாருங்கள்

வான்வழி எரிபொருள் நிரப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்கர் விமானத்தின் பின்னால் கூடை தொங்குகிறது. உங்கள் எஃப்/ஏ-18 ஒரு ஆள் நடக்கும் வேகத்தில் அதை நெருங்க வேண்டும். த்ராட்டிலை இரண்டு மில்லிமீட்டர் முன்னால், ஒன்று பின்னால். லீவர் ஒட்டிக்கொண்டு திடுக்கென்று நகர்ந்தால், கூடையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஆகவே சோதனை ஒன்றுதான்: ஒரே விரலால் மெல்லத் தள்ளினால், துள்ளாமல் நகர்கிறதா? இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, ரேடார் கர்சரை நகர்த்தும் சிறு ஸ்டிக். எஃப்/ஏ-18, எஃப்-16, ஏ-10சி மூன்றிலும் கர்சர் த்ராட்டில் கையில்தான். அது இல்லாத த்ராட்டிலோடு இவற்றை ஓட்டுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல. ஹேட்டாலும் நகர்த்தலாம்தான், ஆனால் கர்சர் ஒரே வேகத்தில்தான் ஊரும்.

மூன்றாவது, ஆஃப்டர்பர்னர் (எரிபொருளைக் கொட்டிக் கூடுதல் விசை தருவது) தடுப்பு. லீவர் போகும் வழியில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு மேடு. அது இல்லாவிட்டால் தெரியாமலே ஆஃப்டர்பர்னரில் பறந்து எரிபொருளைக் காலி செய்வீர்கள். மேடு இருந்தாலும் சிமுலேட்டர் நினைக்கும் இடமும் அதுவும் ஒன்றாக இருக்காது. பிஎம்எஸ்-இல் இதற்கென்றே அமைப்பு உண்டு. டிசிஎஸ்-இல் ஆக்சிஸின் வளைவை (கை எவ்வளவு நகர்ந்தால் விமானம் எவ்வளவு பதில் தரும் என்பது) புள்ளி புள்ளியாக மாற்றிப் பொருத்தலாம்.

ஒற்றை லீவரா, இரட்டையா? எஃப்-16 ஒற்றை என்ஜின். இரட்டை என்ஜின் விமானத்திலும் தொண்ணூறு சதவிகித நேரம் இரண்டும் சேர்ந்தே நகரும். இதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதே இரட்டை லீவரைப் பிரித்து ஒன்றைப் புரொப்பெல்லர் சுழற்சிக்குக் கொடுக்கும் ஸ்பிட்ஃபயர்காரருக்கு மட்டும் உபயோகம் உண்டு.

7. பழையது வாங்குகிறீர்களா?

மடிக்கணினியோடு போங்கள். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பு என்று ஒரு பழைய ஜன்னல் உண்டு, எதையும் நிறுவ வேண்டாம். அதைத் திறந்து, ஸ்டிக்கை மிக மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். சிலுவைக் குறி எங்கேயும் துள்ளக்கூடாது. பிறகு நாலு பக்கமும் இழுத்து, கையால் கொண்டுவந்து நடுவில் விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். முறுக்கு ஆக்சிஸைக் கடைசியாக, அதிக நேரம் பாருங்கள். பெரும்பாலும் முதலில் போவது அதுதான். ஹேட்களை ஒவ்வொரு திசையிலும் அழுத்திப் பிடித்து, விளக்கு மினுக்காமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

8. செருகும் நாள்

மூன்று சாதனங்களையும் மின்சாரம் இல்லாத ஒரே யுஎஸ்பி ஹப்பில் குத்தாதீர்கள். விளக்கெல்லாம் எரியும் த்ராட்டில் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது பறக்கும் நடுவில் காணாமல் போகும், இல்லையென்றால் அழுத்தாத பட்டன் அழுத்தியதாகக் காட்டும். கணினியின் பின்பக்கத் துளைகளிலோ, தனி அடாப்டர் உள்ள ஹப்பிலோ செருகுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்புகளுக்கு "மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம்" என்ற தேர்வை எடுத்துவிடுங்கள்.

அளவீட்டைத் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். விண்டோஸிலும் ஒரு தரம் செய்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஸ்டிக்கின் முழு வீச்சும் கிடைக்காமல் போகும்.

9. முதலில் ஆக்சிஸ், அதுவும் துடைத்துவிட்டு

ஒரு தம்பி தினமும் அழைப்பான். "அண்ணா, ரேடார் கர்சரைத் தொட்டா விமானம் உருளுது. சாமான் பழுது, திருப்பி அனுப்பப்போறேன்." திரையைப் பகிரச் சொன்னேன். ஆக்சிஸ் பட்டியலில், உருளும் வரியில் இரண்டு சாதனங்கள் இருந்தன: ஸ்டிக்கும், த்ராட்டிலின் சிறு ஸ்டிக்கும். ஒன்றை அழித்தோம். திருப்பி அனுப்பும் பெட்டியைப் பிரித்தான்.

டிசிஎஸ் ஒவ்வொரு புதுச் சாதனத்துக்கும், அது ஸ்டிக்கா பெடலா என்று பார்க்காமல், தானாகவே ஆக்சிஸ்களை ஒதுக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஆக்சிஸ் கட்டளைகள் என்ற பிரிவுக்குப் போய், ஏற்றம் (மூக்கை ஏற்றி இறக்குவது), உருளல் (பக்கவாட்டில் சாய்வது), ரட்டர், த்ராட்டில் நான்குக்கும் வரிக்கு ஒரே ஒரு சாதனம் மட்டும் விட்டு மற்றவற்றை அழியுங்கள். பட்டனுக்குப் போகும் முன் இதை முடிக்க வேண்டும்.

பறக்கும்போது வலது கன்ட்ரோலோடு என்டரை அழுத்தினால், மூலையில் உங்கள் அசைவுகளைக் காட்டும் சிறு கட்டம் வரும். த்ராட்டிலை முன்னால் தள்ளும்போது அளவு குறைகிறதா? ஆக்சிஸ் தலைகீழ், திருப்பிப் போடுங்கள். கையை எடுத்த பிறகும் புள்ளி நடுவில் இல்லையா? அப்போது மட்டும் செத்த பகுதி கொடுங்கள். முன்னே சொன்ன முறுக்கு ஆக்சிஸைத் தவிர, 2, 3 சதவிகிதத்துக்கு மேல் வேண்டியிருந்தால் சாமானில் கோளாறு.

வளைவு வேண்டுமா? நீட்டிப்பு இல்லாத மேசை ஸ்டிக்கோடு ஸ்பிட்ஃபயர் ஓட்டுகிறவர், மூக்கை ஏற்றி இறக்கும் ஆக்சிஸில் 15 முதல் 20 வரை வைத்தால் நடுப்பகுதி சாந்தமாகும். வளைவு நடுவில் கொடுப்பதை ஓரத்தில் எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். 40 வைத்துவிட்டு, "திடீர்னு ஸ்டால் ஆகுது" (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது) என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எஃப்-16-க்குப் பெரும்பாலும் பூஜ்யமே போதும்.

10. பட்டன்கள்: ஐந்து ஐந்தாக

முதல் நாளே அறுபதையும் ஒதுக்காதீர்கள். ட்ரிக்கர், ட்ரிம், ஸ்பீட் பிரேக், சக்கரம், ஃப்ளாப் என்ற ஐந்தோடு ஒரு வாரம் புறப்பட்டு இறங்குங்கள். அடுத்த வாரம் ஆயுதத் தேர்வும் விடுவதும். பிறகு ரேடார். ஒரேயடியாக ஒதுக்கினால், கையில் ஒன்றும் ஒட்டாது. சண்டையில் ஃப்ளேர் என்று நினைத்து சக்கரத்தை இறக்குவீர்கள்.

ஒரே வேலையை எல்லா விமானத்திலும் ஒரே பட்டனுக்குக் கொடுங்கள். எங்கே பறந்தாலும் என் ட்ரிம் கட்டைவிரலின் மேல் ஹேட், ஃப்ளேர் இடது கையின் பெருவிரல். பட்டன் போதாவிட்டால் சுண்டுவிரல் பேடிலை மாற்றுச் சாவியாக வையுங்கள், அதைப் பிடித்தபடி அழுத்தினால் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டாவது வேலை கிடைக்கும். சுடுவது, குண்டு விடுவது, ஃப்ளேர் மூன்றையும் மாற்றுச் சாவிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். பதற்றத்தில் இரண்டு விரல் ஒத்துழைக்காது.

எல்லாம் அமைந்த அன்று இரவு, சேவ்டு கேம்ஸில் உள்ள டிசிஎஸ் கோப்புறையைத் திறந்து, கான்ஃபிக் உள்ளே இருக்கும் இன்புட் என்ற கோப்புறையை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். அமைப்புகள் சாதனத்தின் நீண்ட அடையாள எண்ணோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸை மீண்டும் நிறுவினால் அந்த எண் மாறிவிடலாம், ஒதுக்கியதெல்லாம் காலியாகத் தெரியும். அப்போது நகலில் உள்ள பழைய கோப்பின் பெயரில் இருக்கும் எண்ணைப் புதிய எண்ணாக மாற்றி உள்ளே போட்டால் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.